பேனா போன்ற பொருள்

மகஜரைத் தமிழில்தான் எழுத வேண்டும்,
ஒரு சொல்கூட இங்கிலீஷில் கூடாது.
சட்டம் அப்படிச் சொல்லவில்லை,
எங்கள் இன்ஸ்பெக்டர் சொல்கிறார்.

பாரிமுனை, இரவு பதினொன்றரை.
மேசைமேல் ஒரு செருப்புப் பெட்டி.
பர்மா பஜார் கடையொன்றில்
சார்ஜர் அடுக்குக்குப் பின்னாலிருந்து எடுத்தது.
சாட்சிகள் இருவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.
கடைக்காரன் ஜெயசீலன்
பெஞ்சின் ஓரத்தில், பாதி உட்கார்ந்து, பாதி எழுந்து.

"இதுக்குப் பேரு என்ன?"
"பேனா மாதிரி இருக்கும் மேடம். எழுதாது."
பேனா போன்ற பொருள், எட்டு
என்று எழுதும்போது
என் பேனாவும் எழுதவில்லை.
உதறினேன். மேசையில் நீலப் பொட்டுகள்.

ஒன்றைத் திருகிப் பிரித்துக் காட்டினான்.
அடியில் பாட்டரி,
டார்ச் லைட் கட்டைக்குத் தம்பி முறை.
பட்டனை ஐந்து முறை தட்டினால் விழிக்கும்,
ஐந்து முறை தட்டினால் தூங்கும்.
(என் வீட்டில் ஒருவருக்கு ஐந்து போதாது.)
தலையில் கண்ணாடிக் குடுவை.
என் மகளின் இருமல் மருந்து மூடியில்
பாதிகூடக் கொள்ளாது.
இரண்டுக்கும் நடுவே காயில்,
வாட்டர் ஹீட்டரில் இருப்பதுதான்,
தலைமுடிக் கனத்தில்.
காயிலுக்குள் பஞ்சு.

"பஞ்சு நனையணும் மேடம், அதுலதான் எல்லாம்.
புதுசா வாங்கறவன் ஊத்தின கையோட இழுப்பான்.
பத்து நிமிஷம் பொறுக்க மாட்டான்.
பஞ்சு கருகிடும்.
அப்புறம் எங்கிட்ட வந்து
டூப்ளிகேட் குடுத்துட்டேம்பான்."

விளக்குத் திரி என்று எழுதிவிட்டேன்.
படித்தால் பூஜைச் சாமான் போலிருந்தது.
அடித்தேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

திரவம், புட்டிகள் பதினான்கு.
மேலே மூன்று, ஆறு, ஐம்பது என்று எண்கள்.
"விலையா?"
"இல்ல மேடம். நிகோட்டின்.
ஆள் எவ்வளவு மாட்டியிருக்கான்னு கணக்கு."
மூடிகளைத் திறந்து திறந்து மூடினான்.
தர்பூசணி, லிச்சி, மாம்பழம்.
சித்திரை மாதக் கோயம்பேடாய் மணத்தது ஸ்டேஷன்.
ஓர் ஈகூட வரவில்லை.
படிவத்தில் எடைக்குக் கட்டம் உண்டு,
நிறத்துக்கு உண்டு.
மணத்துக்கு இல்லை.

வாய்வழி இழுத்துப் புகை விடும் கருவி
என்று சத்தமாகப் படித்தேன்.
"புகை இல்லீங்க!"
அன்றிரவு முதன்முறையாகக் குரல் உயர்ந்தது.
"எதுவும் எரியல. சூடாகுது, அவ்வளவுதான். ஆவி."

ஆவி.
பேனா முனையைக் காகிதத்திலிருந்து தூக்கினேன்.
ஆவி விடும் கருவிகள் பறிமுதல் என்று போனால்
ஜார்ஜ் டவுன் கோர்ட்டில்
அரசு வக்கீல் வேப்பிலை கேட்பார்.
புகை என்றே விட்டுவிட்டேன்.

"நீ இழுப்பியா?"
"சிகரெட்ட விடத்தான் மேடம் ஆரம்பிச்சேன்."
"விட்டியா?"
சட்டைப் பையைத் தடவினான்.
அது ஏற்கெனவே என் மேசையில் இருந்தது:
சிகரெட் பாக்கெட் ஒன்று, உள்ளே நான்கு.
தீப்பெட்டி ஒன்று.
அவை வழக்கில் சேராது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
அவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கொடுத்தேன்.

ஒன்றே முக்காலுக்குத் துணிப்பையைக் கட்டி
சீல் வைக்க உட்கார்ந்தபோது
அரக்கு இருந்தது, நெருப்பு இல்லை.
"தீப்பெட்டி குடு," என்றேன்.
அவனே உரசினான்.
சிவப்பாய் உருகி முடிச்சின்மேல் சொட்டியது,
கூடவே ஒரு கருஞ்சுருள் எழுந்து
நேராக எங்கள் முகத்துக்கு வந்தது.
இருவரும் இருமினோம்,
அவன் கொஞ்சம் அதிகமாக.

ஜன்னலைத் திறந்துவிட்டேன்.
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்
வரிசையில் நின்று
உறுமிக்கொண்டிருந்தன.
டீசல் உள்ளே வந்தது.
மாம்பழம் போகவில்லை.